ஓடுகிறவர்களின் கால்வலி: கேள்விகளும் பதில்களும்

ஓட்டப் பயிற்சியில் வரும் வலிகளைப் பற்றி எழுதிக் கேட்கச் சொல்லியிருந்தோம். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், நாற்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கியவர்கள், கல்லூரி வீராங்கனைகள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நிறையப் பேருக்குப் பயன்படும் என்று தோன்றிய கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிசியோதெரபிஸ்டாக என் பதிலைச் சொல்கிறேன்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறேன். தினமும் காலையில் தார் ரோட்டில் 5 கிலோமீட்டர் ஓடிவிட்டு, அதே சூட்டில் 1500 மீட்டரை டைம் வைத்து ஓடுவேன். மூன்று வாரமாக முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் பயங்கர வலி. சுளுக்கு என்று ஊரில் ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார், வலி கூடிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. ஓடவா, நிறுத்தவா? (விருதுநகர் வாசகர்)

தம்பி, முதலில் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். உட்கார்ந்துகொண்டு, ஆள்காட்டி விரலால் கணுக்காலில் தொடங்கி மேலே வரை எலும்பின் உள்விளிம்பை அழுத்திக்கொண்டே போங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ், அதாவது எலும்பும் அதை ஒட்டிய சவ்வும் தாங்கும் அளவுக்கு மேல் அடி வாங்கியிருக்கின்றன. அப்படி இல்லாமல் விரல்நுனி அளவு ஒரே இடத்தில் தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தால், நடந்தாலே வலித்தால், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிற மயிரிழை விரிசலாக இருக்கலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். இந்த அறிகுறிகள் இருந்தால் இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் நீவிவிடுவதை நிறுத்துங்கள், அது சுளுக்கே இல்லை.

ஏன் வந்தது என்று புரிந்துகொண்டால்தான் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள முடியும். ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும், உடம்பு பழகிவிட்டது என்று நினைத்து வேகத்தைக் கூட்டிவிடுவோம். ஆனால் எலும்புக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். புது அதிர்ச்சி விழும்போது எலும்பு முதலில் தன் பழைய திசுவை அரித்துக் கழிக்கிறது, அதற்குப் பிறகுதான் புதுத் திசு படிந்து கெட்டியாகிறது. நடுவில் சில வாரம் எலும்பு முன்பு இருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும், பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் மாட்டிக்கொள்வது சரியாக அந்த வாரங்களில்தான்.

பரவலான வலிதான் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் பத்துப் பதினைந்து நாள் ஓட்டம் வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். சைக்கிள் மிதியுங்கள், கிணறோ குளமோ இருந்து நீச்சலும் தெரிந்தால் நீந்துங்கள், மூச்சுத் திறன் குறையாது. கூடவே குதிகால் தூக்கும் பயிற்சி: சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி மெதுவாக இறங்குவது, முதலில் இரண்டு காலில், வலி இல்லையென்றால் ஒற்றைக் காலில், முழங்காலை நீட்டியபடி 15 தடவை மூன்று முறை, லேசாக மடக்கியபடி அதே அளவு. மடக்கிச் செய்யும்போது கெண்டைக்காலின் அடித்தசைக்குத்தான் அதிக வேலை. ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தை வாங்குவது அந்தத் தசைதான், நம் ஊர்ப் பயிற்சிகளில் அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

அரை மணி நேரம் வேகமாக நடந்து வலி இல்லை, அடுத்து ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதித்தும் வலி இல்லை என்றால் மண் தரையில் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி எட்டுச் சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அப்புறம் ஓட்ட நிமிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே பக்கமாகவே மைதானத்தைச் சுற்றாமல் அவ்வப்போது திசையை மாற்றுங்கள்.

தினமும் டைம் வைத்து முழு வேகத்தில் ஓடுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி வருகிறது. மூன்றே முக்கால் சுற்றுக்கு அந்த வேகம் நின்றால் போதும். கடைசி மூன்று வாரத்தில் வாரத்துக்கு ஒருமுறை ஓடிப் பார்ப்பதே அதற்குத் தாராளம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் பயிற்சி மைதானங்களில் பரவியிருக்கிறது. வலியை மறைத்துவிட்டு விரிசல் விழுந்த எலும்பின் மேல் ஓடினால் இரண்டு மாதத்தில் ஆறுவது ஆறு மாதம் இழுக்கும். எம்ஆர்ஐயில் விரிசல் தெரிந்தால் இந்தத் தேர்வை விட வேண்டியிருக்கலாம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், வீட்டில் எத்தனை பேர் உங்களை நம்பியிருப்பார்கள் என்றும் தெரியும். இருந்தாலும் அந்தக் காலோடு ஓடச் சொல்ல எனக்கு மனம் வராது.

வயது 41, ஐடி வேலை. ஜனவரியில் அரை மாரத்தான் ஓட வேண்டும் என்று ஆசை. ஐந்து மாதமாகக் குதிகாலுக்கு மேலே வலி, காலையில் எழுந்ததும் நொண்டிக்கொண்டுதான் பாத்ரூமுக்கே போகிறேன். பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், சரியாகிவிட்டது. ஓடினேன், திரும்ப வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளலாமா? (வேளச்சேரி வாசகர்)

நீங்கள் சொல்வது அகில்லிஸ் தசைநாண் வலி. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைப்பது அந்தத் தசைநாண்தான். கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட் வைப்பது எல்லாம் சில நாளைக்கு வலியைக் குறைத்துக் காட்டும், ஆனால் தசைநாணின் பலம் ஒரு துளிகூட ஏறாது. பத்து நாள் ஓய்வில் அது இன்னும் கொஞ்சம் பலவீனமாகியிருக்கும், அதன் மேல் பழைய தூரத்தை ஓடினீர்கள், வலி திரும்பியது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, மெஷினில் படுக்கவைத்தவர்கள் பயிற்சியும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

தசைநாணுக்கு மருந்து பாரம்தான். 1998-இல் ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவரும் அவர் குழுவும், இந்த வலியால் ஓட முடியாமல் இருந்த 15 பேருக்கு 12 வாரம் ஒரே ஒரு பயிற்சியைக் கொடுத்தார்கள். பதினைந்து பேரும் திரும்ப ஓடினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அவ்வளவு நல்ல பலன் கிடைக்கவில்லை, ஆனாலும் இன்றுவரை இந்த வலிக்கு முதலில் கொடுப்பது பாரப் பயிற்சிதான்.

மாடிப்படி விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் எழும்புங்கள். இப்போது நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாக, படிக்குக் கீழே குதிகால் இறங்கும் வரை இறங்குங்கள். 15 தடவை, மூன்று முறை, முழங்காலை நீட்டி. அதே அளவு மடக்கி. காலையும் மாலையும். எளிதாகிவிட்டால் முதுகில் பையை மாட்டி அதில் புத்தகமோ தண்ணீர் பாட்டிலோ வைத்து எடையைக் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பலன் பாதியில் நின்றுவிடும், பலர் விட்டுவிடுவது அந்த இடத்தில்தான். வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே இருந்தால் மட்டும் படியில் செய்யாமல் சமதரையில் செய்யுங்கள், கீழே இறக்கினால் அந்த இடம் நசுங்கி வலி கூடும்.

பயிற்சியின்போது பத்துக்கு நாலைந்து அளவு வலி இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் மறுநாள் காலையில் முதல் பத்து அடி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள். இதே கணக்கை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடவும் செய்யலாம், மொத்தமாக நிறுத்த வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு ஊசி இந்த இடத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால் பெரும்பாலான மருத்துவர்களே அங்கே போடத் தயங்குவார்கள். இன்னொன்றும் பாருங்கள்: சமீபத்தில் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? இவை தசைநாணைப் பாதிக்கக்கூடியவை, சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஜனவரிக்கு 12 வாரம்கூட இல்லையென்றால் அரை மாரத்தானை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுங்கள்.

எனக்கு 46 வயது. ஆறு மாதமாக ஓடுகிறேன், சர்க்கரை அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது. இப்போது மாடிப்படி இறங்கும்போது முட்டிக்கு முன்னால் வலி. "இந்த வயசுல ஓடினா முட்டி தேஞ்சுடும்" என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். (திருச்சி வாசகி)

அம்மா, ஓடினால் முட்டி தேயும் என்பது நம் ஊரில் ஊறிப்போன பயம். 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் இருந்தவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இருந்தது. போட்டிக்காகவே ஓடிய உயர்மட்ட வீரர்களில்தான் 13.3 சதவீதம். ஏற்கெனவே மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுவார்கள் என்பதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கும், சரிதான், ஆனாலும் வாரத்துக்கு மூன்று நாள் அளவாக ஓடுகிறவரைப் பயமுறுத்த அதில் எதுவும் இல்லை. சர்க்கரை குறைந்திருக்கிறது என்கிறீர்களே, அதை வீட்டில் இருப்பவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

உங்கள் வலி முட்டிச்சில்லைச் சுற்றி வருவது, ஓடுகிறவர்களுக்கு ரொம்பச் சகஜம். படி இறங்கும்போதும், ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழும்போதும் தெரியும். இதற்கு முட்டியை மட்டும் பார்த்தால் போதாது, இடுப்புப் பக்கத் தசை பலவீனமாக இருந்தால் ஓடும்போது தொடை உள்பக்கமாகச் சாய்ந்து முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் ஏறும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். உயரம் குறைந்த படியில் நின்று ஒரு காலால் மெதுவாக இறங்கிப் பழகுங்கள், கண்ணாடி முன்னால் செய்தால் முட்டி உள்ளே போகிறதா என்று தெரியும். வாரம் மூன்று நாள், ஆறு வாரமாவது விடாமல்.

ஓடும்போது ஒவ்வோர் அடியின் நீளத்தையும் குறுக்குங்கள். வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 38 என்றால் நிமிடத்துக்கு 152 அடி. அதே வேகத்தில் 160 அடியாக வைத்து ஓடிப் பாருங்கள், முட்டிக்குப் போகும் பாரம் குறையும், சிலருக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரியும். முட்டி வீங்கினாலோ, பாதியில் சிக்கி நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது மடங்கி விழப் பார்த்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓடுவதற்கு முன்னால் ஸ்ட்ரெட்ச்சிங் கட்டாயமா? (தஞ்சாவூர் வாசகர்)

நின்ற இடத்தில் அரை நிமிடம் இழுத்துப் பிடிக்கிற வகை என்றால் கட்டாயம் இல்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் சேர்ந்த 1538 பேரை வைத்து நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில், பயிற்சிக்கு முன் இழுத்துப் பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் காயத்தில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஐந்து நிமிடம் வேக நடை, அப்புறம் மெதுஓட்டம், முட்டியை உயர்த்திக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். மிச்சமாகும் நேரத்தைத் தசை பலப்படுத்தும் பயிற்சிக்குக் கொடுங்கள், காயத்தைத் தடுப்பதில் அதற்குத்தான் ஆதாரம் அதிகம்.

தட்டைப் பாதம் இருக்கிறது. விலை அதிகமான ஷூ வாங்கினால்தான் காயம் வராதா? (ஓசூர் வாசகர்)

இல்லை. பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுப்பது காயத்தைக் குறைக்கிறதா என்று அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள், குறையவில்லை. போட்டு நடந்து, கடையிலேயே கொஞ்சம் ஓடி, காலுக்குச் சுகமாக இருப்பதை வாங்குங்கள், விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். புது ஷூவில் முதல் நாளே முழுத் தூரம் ஓட வேண்டாம். வெறுங்காலுக்கு மாறுகிறவர்களும் மாதக்கணக்கில் மெதுவாக மாறுங்கள்.

எனக்கு 19 வயது. 3000, 5000 மீட்டர் ஓடுகிறேன். ஒன்றரை வருடத்தில் இது இரண்டாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். எடை குறைந்தால் டைமிங் நன்றாக வரும் என்று ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டேன். ஐந்து மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் என்கிறார்கள் சீனியர்கள். என்ன பயிற்சி செய்தால் எலும்பு பலமாகும்? (பெயர், ஊர் வேண்டாம்)

தங்கச்சி, உங்களுக்கு இப்போது பயிற்சி மருந்தில்லை, சாப்பாடுதான் மருந்து. சீனியர்கள் சொன்னது தவறு. ஓடுகிறவர்களுக்கு மாதவிடாய் நிற்பது சகஜமாக நடக்கிறதே தவிர, அது சரியானது இல்லை. செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது, உயிர் வாழத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிடாய் நிற்கிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் மட்டுப்படுகிறது. இரண்டு முறை விரிசல் விழுந்தது அதனாலாக இருக்க வாய்ப்பு அதிகம். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதை ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயரிட்டு எச்சரித்தது. பையன்களுக்கும் வரும், மாதவிடாய் என்ற அறிகுறி இல்லாததால் வெளியே தெரியாமல் போய்விடும்.

மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும், உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். கால்சியம் மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டை இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள். காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முடித்த அரை மணி நேரத்துக்குள் முட்டையோ சுண்டலோ கேழ்வரகுக் கஞ்சியோ ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போக வேண்டும். விடுதியில் இருக்கிறீர்கள் என்றால் பையில் வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் எப்போதும் இருக்கட்டும்.

எப்போதாவது தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். அது தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த விரிசலாக இருக்கலாம், விலகிவிட்டால் அவசர அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். உங்கள் கோச்சிடம் பேசக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள். வீராங்கனைகளை எல்லோர் முன்னாலும் எடை பார்த்து "குறை, குறை" என்கிற பயிற்சியாளர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நல்ல பிசியோதெரபிஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈரோடு வாசகர்)

முதல் நாளே வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், கடந்த இரண்டு மாதத்தில் என்ன மாற்றினீர்கள், தூக்கம் எப்படி என்று கேட்கிறாரா பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கவும் உட்காரவும் குதிக்கவும் சொல்லி, முடிந்தால் ஓடவும் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் செய்யப் பயிற்சி எழுதிக்கொடுத்து, அடுத்த முறை அதைக் கூட்ட வேண்டும். மெஷினை மாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டால் வேறு இடம் தேடுங்கள். பிபிடி, எம்பிடி என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பு படித்தவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். செலவுக்கு யோசிக்கிறவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போகலாம்.

ஓடும்போது கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. ஐஸா, வெந்நீர் ஒத்தடமா? புத்தூர் கட்டு போடலாமா? (திருவள்ளூர் வாசகர்)

எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் எந்தக் கட்டும் போடாதீர்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பின் பின்விளிம்பையும் அடிநுனியையும் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவில் துருத்தி நிற்கும் எலும்பிலோ, உள்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பிலோ வலிக்கிறதா? அடிபட்டதும் நாலு அடிகூட வைக்க முடியவில்லையா, இப்போதும் முடியவில்லையா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எக்ஸ்ரே எடுங்கள். எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் தசைநார்ப் பிசகுதான். முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர், எண்ணெய், உருவிவிடுதல் எதுவும் வேண்டாம். கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். ஐஸ் வலியைக் குறைக்க மட்டும், துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம்.

தாங்கும் அளவுக்கு நடக்கத் தொடங்கிவிடுங்கள், வாரக்கணக்கில் அசையாமல் கட்டிப்போட்டால் கால் இறுகிப்போகும். வீக்கம் வற்றியதும் பல் தேய்க்கிற நேரத்தில் அடிபட்ட காலில் மட்டும் நின்று பழகுங்கள், எளிதாகிவிட்டால் மடித்த தலையணை மேல் நின்று. ஒருமுறை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்குப் பெரிய காரணம் இந்தச் சமநிலைப் பயிற்சியை விட்டுவிடுவதுதான். வலியில்லாமல் ஒற்றைக் காலில் முன்னாலும் பக்கவாட்டிலும் குதிக்க முடிந்த பிறகு ஓடத் தொடங்கலாம், அதுவும் முதலில் சமதரையில்.